சல்லிப் பங்கும் மூன்றாண்டுக் கெடுவும்

நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலே கொடுக்கல் வாங்கல் அறிந்தவர் எவரும் புரோநோட்டின் முன்புறத்தைவிடப் பின்புறத்தையே கவனமாய்ப் பார்ப்பர். முன்புறத்தில் தொகையும் வட்டியும் சாட்சியும் எழுதப்பட்டிருக்கும்; பின்புறத்திலே வரவு இருக்கும். எழுதிக்கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம் முடியுமுன் கடன்பட்டவன் பத்து ரூபாயேனும் செலுத்தி, அதனைத் தன் கைப்பட எழுதித் தேதியிட்டுக் கையொப்பமும் வைத்துவிட்டால், அந்நோட்டுக்கு அன்று முதல் மறுபடியும் மூன்று வருஷம் ஆயுள் உண்டு. அப்படி வைக்காமல் விட்டாலோ, நோட்டு 'காலாவதி'. இது எழுத்து வாசனை சிறிதும் இல்லாத கிழவருக்கும் தெரிந்த விஷயம். ஆயின், கரும்புப் பணத்தைக் கைபேசி வழியாகப் பங்குகளிலே போட்டுத் தரகு நிலையத்தாரின் முறைகேட்டினால் இழந்து நிற்கும் அக்கிழவரின் பேரனைக் கேட்டால், தன் வழக்குக்கும் அப்படியொரு கெடு உண்டென்பதை அவன் அறியான். பாட்டன் அறிந்ததைப் பேரன் அறியாத இவ்விந்தை எங்ஙனம் நேர்ந்தது என்பதை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

முதற்கண் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மேனாட்டார் மிக மலிந்த விலையில் விற்கும் பங்குகளைப் பென்னிப் பங்கு என்பர். அமெரிக்க நாட்டார் 1990ஆம் வருஷத்தில் இதற்கெனவே ஒரு சீர்திருத்தச் சட்டம் இயற்றினர். ஐந்து டாலருக்குக் குறைந்த விலையுடைய பங்குகள் பெரும்பாலும் அங்கே அவ்வகையைச் சாரும். நம் இந்தியச் சட்டத்தில் இதற்கு இலக்கணம் ஏதும் வகுக்கப்படவில்லை. ஒன்றிரண்டு ரூபாய்க்கும் சில்லறைக் காசுக்கும் கைமாறுகின்ற, பெயர் கேட்டறியாத கம்பெனிகளின் பங்குகளை நாம் சல்லிப் பங்கு என்றே வழங்குவோம். இவற்றின் விலை வீழ்ந்ததனால் மாத்திரம் யாரும் யார்மீதும் வழக்காட இயலாது. ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய பங்கு நூறு ரூபாய் ஆயிற்றெனில் அது வாங்கினவன் தலைவிதி. தரகன் உத்தரவின்றித் தன் மனம்போல் வாங்கி விற்றானா, வாடிக்கைக்காரனின் பங்கைத் தன் கடனுக்கு ஈடு வைத்தானா, பொய் சொல்லி வாங்கச் செய்தானா என்பவையே வழக்குக்கு மூலமாவன. நாம் பேசும் கெடுவும் அவ்வழக்குகளுக்கு உரியதே.

வழக்குக்குக் கெடு என்னும் எண்ணம் நம் பழைய தர்ம சாஸ்திரங்களில் கடனைப் பற்றிய மட்டில் இல்லை என்றே சொல்லலாம். கடனைத் தீர்க்காது இறப்பது பாவமெனவும், தந்தையின் கடனை மகன் தீர்க்கக் கடமைப்பட்டவன் எனவும் அவை விதித்தன. பாவத்திற்குக் காலவரையறை ஏது? அதற்குப் பதிலாக, வட்டி அசலுக்கு மிஞ்சலாகாது என்னும் தாம்துபட் விதி கடன்பட்டவனைக் காத்தது. அனுபவ விஷயத்திலோ வேறு விதம். பிறன் ஒருவன் தன் கண்ணெதிரே தன் சொத்தை அனுபவிப்பதைக் கண்டும் வாளாவிருப்பவன் நிலத்தை 20 வருஷத்திலும் அசையும் பொருளை 10 வருஷத்திலும் இழப்பான் என யாக்ஞவல்கியர் ஸ்மிருதி கூறுகின்றது. 'கண்டும் வாளாவிருப்பவன்' என்னும் அக்கருத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னே அது நமக்கு வேண்டியிருக்கும்.

இங்கிலாந்திலே முதலாம் ஜேம்ஸ் மன்னன் காலத்தில், 1623ஆம் வருஷத்துச் சட்டம் ஒப்பந்தக் கடன்களுக்கு ஆறு வருஷம் என்று வகுத்தது. கும்பினியார் நம் சென்னை ராஜதானிக்குச் செய்த 1802ஆம் வருஷத்து இரண்டாவது ரெகுலேஷன் 12 வருஷம் என்றது. அது தாராளமான கெடு. 1859ஆம் வருஷத்து 14ஆவது ஆக்டு வந்து, இந்தியா முழுமைக்கும் ஒரே வகையான கெடுக்களை ஏற்படுத்திற்று. சாதாரணக் கடனுக்கு மூன்று வருஷம் என்னும் எண் அப்போதே நம் நாட்டில் வேரூன்றியது. அதன் பின்னர் 1871, 1877, 1908 ஆகிய வருஷங்களில் சட்டம் மாற்றி எழுதப்பட்டது. 1964 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடந்துவருவது 1963ஆம் வருஷத்து 36ஆவது ஆக்டு. எத்தனை முறை மாற்றி எழுதியும் அந்த மூன்று அசையவில்லை.

கெடு குறுகினால் கடன்பட்டவனுக்கு நன்மை என்று தோன்றும். நடந்தது அதுவன்று. மூன்று வருஷம் நெருங்கவே ஸாகுகார் வந்து, வட்டியையும் அசலோடு சேர்த்துப் புதுப் பத்திரம் எழுது, இன்றேல் நாளையே பிராது என்பான். எழுதுவதன்றிக் குடியானவனுக்கு வேறு வழியில்லை. மும்மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வட்டிக்கு வட்டி ஏறிற்று. 1875இல் தக்காணத்தில் பூனா, ஆமத்நகர்ப் பிரதேசங்களில் குடியானவர்கள் ஸாகுகார்களின் பத்திரங்களைப் பறித்துக் கொளுத்தினர். அக்கலகத்தை விசாரித்த கமிஷனார் கண்ட காரணங்களுள் இக்குறுகிய கெடுவும் ஒன்று. ஆகவே 1879ஆம் வருஷத்துத் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம், ரிஜிஸ்தர் செய்யாத பத்திரத்துக்கு ஆறும் செய்ததற்குப் பன்னிரண்டுமாகக் கெடுவை நீட்டிற்று. கடன்காரனைக் காக்கக் கெடுவை நீட்டிய அவ்விசித்திரம் சட்ட சரித்திரத்தில் அபூர்வமானதே.

பணம் கொடுத்தவன் பக்கத்திற்கு வருவோம். சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22ஆம் தேதி கதவடைத்தது. பரம்பரை பரம்பரையாக நம்பப்பட்ட ஸ்தாபனம் அது. பென்ஷன் வாங்கியவரும் விதவைகளும் மிராசுதாரரும் வக்கீல்களும் அங்கே பணம் போட்டு வைத்திருந்தனர். லண்டனில் அதனோடு இணைந்திருந்த மக்பாதியன் கம்பெனியின் தலைவர் இரண்டு நாள் முன்னரே ரயிலின் முன் வீழ்ந்து உயிர் விட்டிருந்தார். ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. கடன் கொடுத்தவர்களுக்காக வாதாடி அலைந்த வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் பாங்கு தோன்றியது யாவரும் அறிந்ததே. இக்கதையை இங்கே நான் எடுத்தது வேறு காரணம் பற்றி. போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்னும் எண்ணமே வட்டி ஒழுங்காய் வரும் வரை எவருக்கும் எழுவதில்லை. எழுதிக் கேட்காத பணத்துக்கு எந்த நாளிலிருந்து மூன்று வருஷம் எண்ணுவது? இதற்கு 1908ஆம் வருஷத்துச் சட்டம் அழகான விடை கூறிற்று. கேட்டபோது தருவதாக ஒப்பிய டிபாசிட்டுக்கு, பாங்குக்காரனிடம் உள்ள வாடிக்கைக்காரர் பணம் உட்பட, கேட்ட நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்பதே அது.

எனவே மூன்று என்னும் எண்ணைப் பற்றிச் சண்டையில்லை. எண்ணத் தொடங்கும் நாள் எது என்பதே சண்டை. பங்குத் தரகு வழக்குகள் அனைத்தும் இந்த ஒரு கேள்வியிலேயே ஜயமும் தோல்வியும் அடைகின்றன.

சென்னையில் பங்குச் சந்தை முதன்முதல் 1920இல் ஏற்பட்டது. யுத்தத்துக்குப் பிந்திய கிராக்கியில் ஏறக்குறைய நூறு பேர் அங்கத்தினராகச் சேர்ந்தனர். கிராக்கி தணியவே மூன்று பேர் மிஞ்சி, 1923இல் அது மூடப்பட்டது. 1937இல் மறுபடி உயிர்பெற்று, 2015 மே மாதத்தில் முற்றிலும் விடைபெற்றது. சந்தை வரும், போகும். ஆனால் தரகன் யார் என்னும் கேள்விக்குச் சட்டம் தந்த விடை மாறவில்லை. தரகன் தன் வாடிக்கைக்காரனின் ஏஜெண்டு. ஏஜெண்டின்மீது எஜமானன் தொடுக்கும் வழக்குக்கு 1908ஆம் வருஷத்துச் சட்டத்தின் 89, 90 ஆகிய இலக்கங்களும், அவற்றின் வழிவந்த 1963ஆம் வருஷத்துச் சட்டத்தின் 3, 4 ஆகிய இலக்கங்களும் இடம் தருகின்றன. கெடு இரண்டுக்கும் மூன்று வருஷமே. தொடங்கும் நாளோ வெவ்வேறு. ஏஜெண்டு வாங்கி வைத்துக்கொண்ட அசையும் பொருளுக்குக் கணக்குக் காட்டாவிடில், கணக்குக் கேட்டு மறுக்கப்பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். கேளாவிடில் ஏஜென்ஸி முடிந்த நாளிலிருந்து. அவன் செய்த அஜாக்கிரதைக்கோ துர்நடத்தைக்கோ, அது எஜமானனுக்குத் தெரிந்த நாளிலிருந்து.

ஓர் உதாரணத்தால் விளக்குவோம். கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி ஒருவர், சர்க்கரை ஆலையிலிருந்து வந்த பணத்தில் இரண்டு லட்ச ரூபாயைத் தரகு நிலையத்தில் கட்டினார் என வைத்துக்கொள்வோம். 2019 ஜூன் மாதத்தில் நிலையத்தின் ஆள், அவரைக் கேளாமலே அப்பணத்துக்குச் சல்லிப் பங்கு வாங்கிவிடுகிறான். விவசாயி 2021 தீபாவளிக்குக் கணக்கைப் பார்த்துத் திடுக்கிடுகிறார். 'விலை ஏறும், பொறுங்கள்' என்கிறான் ஆள். அவரும் பொறுக்கிறார். 2024இல் வக்கீலிடம் போகிறார். எந்த நாளிலிருந்து எண்ணுவது? வாங்கிய நாளிலிருந்து என்று நிலையத்தார் வாதிப்பர். அங்ஙனமாயின் கெடு முடிந்து எவ்வளவோ காலமாயிற்று. தெரிந்த நாளிலிருந்து என்று விவசாயி வாதிப்பர். அங்ஙனமாயின் 2024 தீபாவளி வரை உயிருண்டு. ஒரே சங்கதி, ஒரே பணம். தெரிந்தது எப்போது என்று நிரூபிப்பதைப் பொறுத்தே எல்லாம்.

இவ்விடத்தில் சந்தையார் தமக்கென வகுத்துக்கொண்ட வேறொரு கெடுவையும் கூறவேண்டும். 1990ஆம் ஆண்டுகளின் இடையிலே புதுக் கம்பெனிகள் மழைக்காளான் போல் முளைத்தன. நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் விண்ணப்பப் படிவங்கள் கட்டுக்கட்டாய் வந்து குவிந்தன. பணம் திரட்டிய பின் விலாசமே தெரியாமல் போன கம்பெனிகளை ஸர்க்காரே 'மறைந்துபோன கம்பெனிகள்' எனப் பெயரிட்டுப் பட்டியல் போட நேர்ந்தது. செபி என்னும் பங்குப் பரிவர்த்தனை வாரியம் 1988இல் தோன்றி 1992இல் சட்ட அதிகாரம் பெற்றது. தேசியப் பங்குச் சந்தை 1994இல் பங்கு வியாபாரம் தொடங்கிற்று. வாடிக்கைக்காரனுக்கும் தரகனுக்கும் தகராறு நேர்ந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் சந்தையின் மத்தியஸ்தத்துக்குப் போக வேண்டுமென விதியாயிற்று. நல்ல ஏற்பாடே. ஆனால் அம்மத்தியஸ்தத்துக்குப் பிராது கொடுக்கத் தேசியச் சந்தையின் உபவிதிகள் வைத்த கெடு ஆறே மாதம்!

புரோநோட்டு வாங்கியவனுக்கு மூன்று வருஷம். தரகனை நம்பியவனுக்கு ஆறு மாதம். சமரசத்திலும் சந்தையாரின் விசாரணையிலும் கழிந்த காலத்தை விலக்கி எண்ணலாம் என்னும் சலுகை இருந்தது உண்மையே. அப்படியிருந்தும் மத்தியஸ்தம் நடப்பது மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னை என்னும் நான்கு பெருநகரங்களில். கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை சென்று வர ஒரு முழு நாள். வந்த கடிதம் ஆங்கிலத்தில். அதைப் படிக்கவும் ஆள் தேடி, படித்தவர் சொன்னதை நம்பவும் மனம் தேறி, பணமும் சேர்த்துப் புறப்படுமுன் ஆறு மாதம் ஓடிப்போகும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு 1997இல் திருத்தப்பட்டு, குறித்த காலம் கழிந்தால் உரிமையே அழியும் என்று எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்றாயிற்று. சந்தையின் ஆறு மாத விதியோ அதன் பின்னும் பதின்மூன்று வருஷம் வாழ்ந்திருந்தது. 2010 ஆகஸ்டு 11ஆம் தேதி செபியார் வெளியிட்ட சுற்றறிக்கை அதனை நீக்கி, மத்தியஸ்தத்துக்கும் 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டமே பொருந்தும் என்றது. சிறு முதலீட்டாளருக்குச் செபியார் செய்த நன்மைகளுள் இதனையே முதன்மையானதென நான் கருதுகிறேன். இதனைப் பற்றிப் பேசுவோர்தான் மிகச் சிலர்.

நம் மேற்றிசை எல்லையில் நிற்கும் கல்வராயன் மலையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் ஆளுகை 1976 வரை அம்மலையில் நீடித்தது. கீழ்நாட்டிலே பட்டாவும் பத்திரமும் ரிஜிஸ்தரும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழக்கத்திலிருந்தும், மலையிலே பல குடிகளின் கையில் காகிதம் இல்லை. தேதியிட்ட காகிதம் இல்லாதவனுக்குக் கெடு நீண்டதாயினும் குறுகியதாயினும் ஒன்றே. எண்ணத் தொடங்க அவனிடம் ஒரு நாள் இல்லை. கீழ்நாட்டுப் பங்கு முதலீட்டாளர் பலரும் 1990ஆம் ஆண்டுகளில் அந்நிலையிலேயே இருந்தனர் என்பது என் எண்ணம். உபதரகர் என்று ஒருவர் கடைத்தெருவிலே மேசை போட்டிருப்பார். அவரிடம் பணம் கொடுத்துத் துண்டுச் சீட்டு வாங்குவர். உண்மைத் தரகர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. அச்சீட்டில் தேதியுமிராது, கையொப்பமுமிராது. உபதரகர் என்னும் அந்த வகுப்பையே செபியார் 2019 மார்ச்சு 31ஆம் தேதியோடு ஒழித்தனர்.

இன்றோ நிலைமை தலைகீழ். காகிதம் குறைவு என்னும் குறை போய், செய்தி மிகுதி என்னும் குறை வந்துவிட்டது. வாங்கினாலும் விற்றாலும் தரகு நிலையத்திலிருந்து ஒப்பந்தக் குறிப்பு மின்னஞ்சலில் வருகின்றது. சந்தையிலிருந்தும் டெபாசிட்டரியிலிருந்தும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகின்றது. இவையெல்லாம் முதலீட்டாளரின் நன்மைக்கென ஏற்பட்டவையே. ஆயின் கெடு விஷயத்தில் இவை இருமுனைக் கத்தியாகும். எங்ஙனமெனில், 1963ஆம் வருஷத்துச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, மோசடியினால் மறைக்கப்பட்ட விஷயத்தில் வாதி அம்மோசடியைக் கண்டுபிடித்த நாள் வரை கெடு ஓடாது என்கிறது. அவ்வளவோடு நில்லாது, தக்க கவனம் செலுத்தியிருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாள் என்றும் சேர்க்கிறது. 'உமக்குக் குறுஞ்செய்தி அன்றே வந்ததே, பார்த்திருக்கலாமே' என்று நிலையத்தார் கேட்பர். யாக்ஞவல்கியரின் 'கண்டும் வாளாவிருந்தவன்' இப்போது 'காணக்கூடியதைக் காணாதிருந்தவன்' ஆகிவிட்டான். ஒரு நாளைக்கு நாற்பது விளம்பரச் செய்தி வந்து விழும் கைபேசியில், ஆங்கிலத்தில் வந்த ஒரு வரியைக் காணாமை எவ்வளவு பெரிய குற்றமாகும்? மூன்று வருஷம் போதுமான கெடுவே என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்தத் 'தக்க கவனம்' என்பதை ஓர் ஆடிட்டருக்கும் ஓர் ஏர் உழவனுக்கும் ஒரே படியால் அளப்பதுதான் நியாயமாகத் தோன்றவில்லை.

இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. 2018 ஜனவரி முதல், வாடிக்கைக்காரர் உத்தரவு கொடுத்ததற்கான ஆதாரம் தரகனிடம் இருந்தே தீர வேண்டும். கையொப்பமிட்ட காகிதமோ, தொலைபேசிக் குரற்பதிவோ, மின்னஞ்சலோ, வேறு சரிபார்க்கத்தக்க பதிவோ ஆகலாம். ஆதாரம் காட்டும் பாரம் தரகனுடையதே. மத்தியஸ்தம் ஏற்றுக்கொள்ளப்படும் காலம் வரை, அதாவது மூன்று வருஷம், அவன் அப்பதிவுகளைக் காத்துவைக்க வேண்டும். தகராறு எழுந்துவிட்டால் அது தீரும் வரை காக்க வேண்டும். வழக்கின் கெடு முடியும்போது சாட்சியமும் கூடவே மாயும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாம் வருஷத்தில் எழுதிய ஓர் ஆட்சேபக் கடிதம் அக்குரற்பதிவை அழியாது காக்கும். நான்காம் வருஷத்து வழக்கினால் அது ஆகாது.

ஓடும் கெடுவை நிறுத்துவது எது, நிறுத்தாதது எது என்பதில் நம்மவரிடையே மயக்கம் மிகுதி. தரகு நிலையத்தின் ஆள் 'அடுத்த மாதம் சரி செய்துவிடுகிறோம்' என்று வாயால் சொல்லும் வார்த்தை நிறுத்தாது. நூறு முறை சொன்னாலும் நிறுத்தாது. பொறுப்பை ஒப்புக்கொண்டு, கெடு முடியுமுன், எழுத்தில், கையொப்பத்துடன் தந்தால் 18ஆவது பிரிவின்படி அன்றிலிருந்து புதுக் கெடு தொடங்கும். ஒரு பகுதிப் பணத்தைக் கடன்பட்டவன் தன் கையெழுத்தோடு செலுத்தினால் 19ஆவது பிரிவு உதவும். புரோநோட்டின் பின்புறத்து வரவு இவ்விரண்டின் கிராமிய வடிவமன்றி வேறன்று. கெடு முடிந்தபின்னுங்கூட, பழைய கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையொப்பமிட்ட புது வாக்குறுதி ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி செல்லும். ஏனெனில் கெடு தடுப்பது வழக்கை மாத்திரமே. கடன் என்னும் உண்மையை அது அழிப்பதில்லை. நிலத்தின் விஷயமோ வேறு. அங்கே உரிமையே போய்விடும்.

செபியாருக்கு முறையீடு எழுதிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருப்பாரும் உளர். முறையீடு கோர்ட்டில் பிராது கொடுப்பதற்குச் சமமன்று. 2011இல் செபியார் தொடங்கிய ஸ்கோர்ஸ் என்னும் முறையீட்டு ஏற்பாட்டுக்குத் தனிக் கெடு உண்டு. முன்பு அது மூன்று வருஷமாக இருந்தது. 2023 செப்டம்பர் சுற்றறிக்கையால் ஒரு வருஷமாகக் குறைந்தது. அந்த ஒரு வருஷம் தவறினாலும் மத்தியஸ்தத்தின் மூன்று வருஷம் தவறுவதில்லை. இதனை அறியாது, 'முறையீடு காலங்கடந்தது' என்று பதில் வந்தவுடன் எல்லாம் முடிந்தது எனக் கைவிட்டால் அதனினும் பரிதாபம் இல்லை. நுகர்வோர் மன்றத்துக்கு இரண்டு வருஷம். ஆனால் லாபத்துக்காகத் தொடர்ந்து பங்கு வியாபாரம் செய்பவர் நுகர்வோர் ஆவரோ என்னும் வாதம் அங்கே வாசலிலேயே வந்து நிற்கும். 2023 ஜூலை 31ஆம் தேதியின் சுற்றறிக்கையால் மத்தியஸ்தம் இணைய வழியாக நடக்கத் தொடங்கிவிட்டமையால் சென்னைப் பிரயாணம் ஒழிந்தது. வெள்ளிமலையிலிருந்தும் கைபேசி வழியாகவே வழக்குரைக்கலாம். கெடுவோ, தகராறு எழுந்த நாள், கடைசிப் பரிவர்த்தனை நாள், தகராறுக்குரிய பரிவர்த்தனை நாள் ஆகியவற்றுள் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ணப்படும். முதலீட்டாளருக்கு இது சிறிது இரக்கமுள்ள கணக்கே.

கோர்ட்டுக்கே போனால் கெடு விஷயத்தில் நீதிபதிக்கு இரக்கம் காட்ட அதிகாரமில்லை. பிரதிவாதி வாய் திறவாவிடினும், காலங்கடந்த வழக்கைக் கோர்ட்டார் தாமே தள்ள வேண்டும் என்பது 3ஆவது பிரிவு. தாமதத்தை மன்னிக்கும் 5ஆவது பிரிவு அப்பீலுக்கும் மனுவுக்குமே உரியது. அசல் வழக்குக்கு இல்லை. கெடுவின் கடைசி நாளில் கோர்ட்டு மூடியிருந்தால் திறக்கும் நாளில் கொடுக்கலாம் என்பது ஒன்றே சலுகை. நம் ஜில்லாக் கோர்ட்டுகளில் மே மாத விடுமுறை கழிந்து திறக்கும் நாளன்று வக்கீல் குமாஸ்தாக்கள் கட்டுக்கட்டாய்ப் பிராதுகளைச் சுமந்து ஓடுவது இதனாலேயே. சரித்திரத்தில் ஒரு முறை மாத்திரம் கடிகாரம் தேச முழுதும் நின்றது. கொரோனா நோய்க் காலத்தில் 2020 மார்ச்சு 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை எல்லாக் கெடுக்களிலிருந்தும் விலக்கி எண்ணுமாறு உச்ச நீதிமன்றத்தார் உத்தரவிட்டனர். மேலே சொன்ன கச்சிராயபாளையத்து விவசாயிக்கு இவ்வுத்தரவு வரப்பிரசாதம். 2019 ஜூனிலிருந்தே எண்ணினாலும், ஏறக்குறைய இரண்டு வருஷம் கணக்கினின்று கழிந்துவிடும்.

கடல் கடந்த நாடுகளில் வேறு விதமான யோசனை. அமெரிக்காவில் 2002ஆம் வருஷத்துச் சட்டம், பங்கு மோசடி வழக்குக்கு உண்மை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் என்றும், எப்போது தெரிந்தாலும் குற்றம் நடந்ததிலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் இல்லை என்றும் இரட்டைக் கெடு வைத்தது. பின்ரா என்னும் தரகர் சங்கத்தின் மத்தியஸ்தத்தில் சம்பவம் நடந்து ஆறு வருஷம் கழிந்த பிராது ஏற்கப்படாது. நம் சட்டத்திலோ, மோசடியை உண்மையிலேயே அறியாதிருந்தவனுக்கு அப்படிப்பட்ட மேலெல்லை இல்லை. இதில் நம் சட்டமே சிறந்தது.

கெடுவே இல்லாத ஒரு மூலையும் இருக்கிறது. ஏழு வருஷம் கேட்பாரற்றுக் கிடந்த டிவிடெண்டைக் கம்பெனிகள் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் சேர்க்க வேண்டும். 1999இல் வந்த விதிப்படி அங்கே போன பணத்தை எவரும் திரும்பக் கேட்க இயலாது. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் அதனை மாற்றி, உரியவரோ வாரிசோ விண்ணப்பித்துப் பெறலாம் என்றது. அதற்குக் காலவரையறை வைக்கவில்லை. பாட்டன் வாங்கி மறந்துபோன பங்குக்குப் பேரன் இன்றும் விண்ணப்பிக்கலாம். அதே பேரன் தன் தரகனிடம் இழந்ததற்கு மட்டும் நாள் எண்ண வேண்டும்.

அண்மைக் காலத்துப் பெரிய உதாரணம் கார்வி தரகு நிலையம். வாடிக்கைக்காரர்களின் பங்குகளை அந்நிலையம் தன் கடனுக்கு ஈடு வைத்தது என்று செபியார் 2019 நவம்பர் 22ஆம் தேதி இடைக்கால உத்தரவிட்டனர். சல்லிப் பங்கு வைத்திருந்தவரும் நல்ல பங்கு வைத்திருந்தவரும் அதில் ஒன்றாகவே மாட்டிக்கொண்டனர். ஒரு வருஷம் கழிந்து, 2020 நவம்பர் 23ஆம் தேதி, தேசியப் பங்குச் சந்தை அந்நிலையத்தைக் கடன் தவறியதாக அறிவித்து நீக்கிற்று. அதன் பின்னர் வாடிக்கைக்காரர்கள் தம் கோரிக்கைகளைச் சந்தையின் பாதுகாப்பு நிதிக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் ஒரு கெடு. கெடு நெருங்குகிறது என்று சந்தையார் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தனர். விளம்பரத்தைக் கண்டவர் அனுப்பினர். முதலில் 2025 ஜூன் 2ஆம் தேதி என வைத்த அக்கெடு பின்னர் 2025 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது.